மூன்று பக்கச் சுவரும் ஜெபமாலையின் நான்கு பெயர்களும்

தங்கச்சிமடத்துச் சூசைமுத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வலை தெரியும், காற்று தெரியும். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தேழாம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அஞ்சலட்டை வந்தது.

தபால்காரர் சீனி முகம்மது சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன சூசையண்ணே, டாக்டர் ஆயிட்டீக. ஊருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஏலே சீனி, வலை பிரிஞ்சு கெடக்குற கடுப்புல இருக்கேன். வெளாடாத."

"வெளாட்டு இல்லண்ணே. டாக்டர் ஜே. சூசைமுத்து, தங்கச்சிமடம். பாருங்க, ஸ்டாம்பப் பாருங்க."

"எங்கேருந்து?"

"செக்கோஸ்லோவாக்கியா."

"அது எங்கன இருக்கு? மன்னாருக்கு அங்கிட்டா?"

"ரொம்ப அங்கிட்டு. நீங்க புழுவப் பத்தி எழுதுன கட்டுரை ரொம்ப நல்லா இருக்காம். ஒரு பிரதி அனுப்பச் சொல்லி மரியாதையா கேக்குறாரு."

சூசைமுத்து வலையூசியைக் காதில் செருகிக்கொண்டு அட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "நண்டப் பத்திக் கேட்டாலும் நாலு வார்த்தை சொல்லுவேன். புழுவப் பத்தி நான் என்னத்தடா சொல்ல? இது எங்க ஜெபமாலை பாத்த வேலையால்ல இருக்கும்."

மனிதர் உடனே கண்டுபிடித்துவிட்டார். பிற்பாடு டெல்லியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த படித்த பெரியவர்களுக்குத்தான் அது கடைசிவரை விளங்கவில்லை.

ஜெபமாலை அவருடைய மூத்த மகள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, சென்னையில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். மீன்பிடிக் குடும்பத்தில் ஒரு பெண் அவ்வளவு தூரம் படித்ததற்கு யார் காரணம் என்று ஊரில் கேட்டால் அந்தோணியார் என்பார்கள். சூசைமுத்துவைக் கேட்டால் அவளுடைய பிடிவாதம் என்பார். நான் சூசைமுத்து பக்கம்.

படிப்பு முடிந்ததும் இராமநாதபுரத்தில் புதிதாக ஏற்படுத்திய நரம்புச் சிலந்தி ஆய்வுப் பிரிவில் அவளுக்குத் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. நரம்புச் சிலந்தி என்றால் இந்தச் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காலில் கொப்புளம் எழும்பும், உடையும், உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு எட்டிப் பார்க்கும். அதன் தலையை ஒரு குச்சியில் சுற்றி வைத்து, அறுந்து போகாமல் நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் கால் அழுகும். இழுத்து முடிகிறவரை நடக்க முடியாது, உழ முடியாது, பனை ஏற முடியாது. ஊர்க்காரர்கள் இதைத் தெய்வக் குற்றம் என்றார்கள். தெய்வத்துக்கு வெள்ளாமை நேரமாகப் பார்த்துக் கோபம் வருமா என்று யாரும் கேட்கவில்லை.

குற்றம் தண்ணீரில் இருந்தது. ஆறும் இல்லாமல், தோண்டினால் உப்புத் தண்ணீரே கிடைக்கிற பூமியில் குடிப்பதற்கு ஊருணிதான் கதி. புழுப் புண்ணோடு ஒருவன் ஊருணியில் கால் நனைத்தால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய நீர்ப்பூச்சி அதைத் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவன் காலில் அடுத்த வருடம் புழு. இவ்வளவும் ஜெபமாலை பிறப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதிகள். எந்த ஊருணியில், எந்த மாதத்தில், யாரால், எதனால் என்பதுதான் தெரியாமல் கிடந்தது. அதைத் தேடித்தான் அவள் கடலாடிப் பக்கத்து ஊர்களுக்கு பஸ்ஸில் போய், துணி வலையால் தண்ணீரை அரித்து, கண்ணாடிக் குப்பிகளில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எந்தச் சின்ன மீனை ஊருணியில் விட்டால் இந்தப் பூச்சியை ஒழுங்காகத் தின்னும் என்பது அவளுடைய முதல் பெரிய வேலை. "குளத்துல கெடக்குறதெல்லாம் ஒரு மீனா?" என்று அப்பன் கேலி செய்தார். லண்டன் பத்திரிகை ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டு ஒரு படிவம் அனுப்பியது. அதில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நம் எல்லோரையும் போல அவளும் அப்பன் பெயரை அங்கே எழுதினாள். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் தங்கச்சிமடம் என்று எழுதினாள். வெள்ளைக்காரன் தன் வழக்கப்படி அவளுடைய பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டு, அப்பன் பெயரை முழுசாக அச்சடித்தான். இந்தியப் பத்திரிகைகளில் எஸ். ஜெபமாலையாக இருந்தவள் லண்டனில் ஜே. சூசைமுத்து ஆனாள். சூசைமுத்து அந்த அஞ்சலட்டையை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

அப்போது அவளுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை அருளானந்தம் இராமநாதபுரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். நல்ல மனிதர், வாய் கொஞ்சம் நீளம். கல்யாண விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே, ஆய்வுப் பிரிவின் எழுத்தர் முனியசாமி பதிவேட்டில் எஸ் என்ற எழுத்தை அடித்துவிட்டு ஏ என்று எழுதியிருந்தார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? கல்யாணம் ஆயிருச்சுல்ல? நாளைக்கு ஆடிட்டுல நம்மளையில்ல பிடிப்பாக."

முனியசாமி கெட்டவரில்லை. ஒரு பெண் கைமாறினால் முன்னெழுத்தும் மாறும் என்று இந்த நாட்டில் எல்லாரும் நம்புவதை அவரும் நம்பினார், அவ்வளவுதான். மாடு கைமாறினால் புதுச் சூடு போடுகிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவள் முனியசாமியிடம் கேட்கவில்லை. அன்று ஊருணித் தண்ணீர் குப்பிகளில் கெட்டுக்கொண்டிருந்தது, வேலை பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பின் வந்த கட்டுரைகளில் அவள் ஏ. ஜெபமாலை.

இந்தக் கட்டுரைகளில் அவளுடைய பெயருக்கு முன்னால் எப்போதும் இன்னொரு பெயர் இருந்தது. பேராசிரியர் பொன்னுச்சாமி. கடலாடிக்குத் தெற்கே மேலச்செங்குடி என்ற ஊரில் பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் பேராசிரியர், ஆய்வுப் பிரிவுக்கு ஆலோசகர். ஜெபமாலைக்கு நல்ல நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். தண்ணீர் அரித்தது அவள், பூச்சிகளை எண்ணியது அவள், எழுதியது அவள். திருத்தியது பொன்னுச்சாமி. ஆகையால் உலகத்தில் யாராவது அந்த வேலையை எடுத்துச் சொல்லும்போது 'பொன்னுச்சாமியும் பிறரும்' என்று எழுதினார்கள். இந்தப் 'பிறர்' என்பது ஒரு ஆள், அதுவும் ஒரு பெண் என்பது ஈரான்காரனுக்கோ கானாக்காரனுக்கோ எப்படித் தெரியும்?

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத சங்கதி மேலச்செங்குடி ஊருணியில் நடந்தது.

பொன்னுச்சாமியின் தகப்பனார் அந்த ஊருணியைச் சுற்றி இடுப்பளவுச் சுவர் எழுப்பி, கப்பி போட்டு, வாளி தொங்கவிட்டார். யாரும் இறங்கிக் கால் நனைக்காமல் தண்ணீர் இறைக்கலாம். உண்மையாகவே நல்ல காரியம். ஆனால் சுவர் கிழக்கு, மேற்கு, வடக்கு என்று மூன்று பக்கம்தான் எழும்பியது. தெற்கில் பழைய படிக்கட்டு அப்படியே கிடந்தது. தெற்குத் துறை சேரி மக்களுக்கு விட்ட துறை. அவர்கள் எப்போதும் போல இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். புழுப் புண் இருந்த கால்களும் இறங்கின. வேறு எங்கே போய் இறங்கும்?

சுவர் எழுந்த பிறகும் ஜெபமாலை அங்கே வருடக்கணக்காகப் போய்வந்தாள். சேரியில் புழு குறையவில்லை. கப்பியில் இறைத்துக் குடித்த மேலத்தெருவிலும் குறையவில்லை. தண்ணீர் ஒன்றுதானே? தெற்குப் படியில் புழு விட்ட குஞ்சு வடக்குக் கப்பியின் வாளியில் ஏறி மேலத்தெரு அடுப்படிக்குப் போனது. மேலே வந்த தண்ணீரைத் தீட்டு என்று யாரும் கொட்டவில்லை, குடித்தார்கள். பக்கத்து ஊர் ஒன்றில், தெரு பார்க்காமல் நான்கு பக்கமும் சுவர் வைத்திருந்தார்கள். அங்கே மூன்றாம் வருடத்தில் புழு ஏறக்குறைய நின்றுவிட்டது.

இதை எழுதிப் பொன்னுச்சாமியிடம் கொடுத்தாள். மேலச்செங்குடி வருகிற பக்கங்களைப் பென்சிலால் அடித்து அவர் திருப்பி அனுப்பினார். அடிபட்ட பக்கங்களையே தனிக் கட்டுரையாக்கி அவள் லண்டனுக்கு அனுப்பினாள். மறுபடியும் படிவம் வந்தது, மறுபடியும் குடும்பப் பெயர்க் கட்டம். இந்தத் தடவை கணவன் பெயரைத்தானே எழுத வேண்டும்? அறுபத்து மூன்றில் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஜே. அருளானந்தம்.

"எனக்கே தெரியாம நான் விஞ்ஞானி ஆயிட்டேன்," என்று ரயில் நிலையத்தில் அருளானந்தம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனிமேல்தான் கதை.

அறுபத்து நாலில் அடித்த பெரும்புயலுக்கு மறுவருடம் ஆய்வுப் பிரிவில் நிரந்தர ஆய்வு அலுவலர் பதவி ஒன்று அறிவித்தார்கள். அதுவரை ஜெபமாலைக்கு அரையாண்டுக்கு ஒரு தடவை நீட்டிப்பு, நீட்டிப்பு என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பதவி வேறு ஒருவருக்குப் போனால் தற்காலிக இடமும் சேர்ந்தே போகும். வயது வரம்பும் அவளைத் தொட்டுக்கொண்டு நின்றது. இது தப்பினால் ஆராய்ச்சி என்ற கதவு மூடியதுதான். விண்ணப்பத்தோடு வெளியிட்ட கட்டுரைகளின் விவரமும், அவற்றை உலகத்தில் எத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்ற விவரமும் வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே தடிமனான அட்டவணைப் புத்தகங்கள் போடத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தப் புத்தகத்தில் எஸ். ஜெபமாலை ஓர் இடத்தில், ஏ. ஜெபமாலை ஓர் இடத்தில், சூசைமுத்து ஓர் இடத்தில், அருளானந்தம் ஓர் இடத்தில். தனித்தனியாகப் பார்த்தால் நாலு பேருமே அரைகுறை. சேர்த்துப் பார்த்தால் தென்னாட்டில் இந்த நோயில் அவளுக்கு நிகராக வேலை பார்த்தவர் இல்லை. சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் தேர்வுக் குழுவிலேயே இருந்தார், பொன்னுச்சாமி.

ஒரு நாள் மத்தியானம் அவரே இராமநாதபுரத்துக்கு வந்தார்.

"உக்காரு ஜெபமாலை. நின்னுக்கிட்டே பேசுற பழக்கத்த எப்பத்தான் விடப்போற?"

"சொல்லுங்க சார்."

"குழுவுக்குக் கடுதாசி எழுதிட்டேன். எஸ். ஜெபமாலை, ஏ. ஜெபமாலை, ஜே. சூசைமுத்து மூணும் ஒரே ஆளு, எனக்கு நேர்ல தெரியும்னு. சந்தோசந்தானே?"

"நாலாவது சார்?"

"எந்த நாலாவது?"

"ஜே. அருளானந்தம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்குத் தெரியாத கட்டுரை. எங்கிட்டக் காட்டாமப் போனது."

"காட்டுனேன் சார். நீங்க பென்சிலால அடிச்ச பக்கந்தான் அது."

"அடிச்சேன்ல? அடிச்சா விட்டுர வேண்டியதுதானே? எங்க அய்யா கட்டுன சுவரு அது. இந்தச் சீமையில எவன் கட்டுனான், சொல்லு. அதைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன் பத்திரிகையில குறை சொல்லி வச்சிருக்க."

"கட்டுன சுவரக் குறை சொல்லல சார். கட்டாத சுவரத்தான் சொன்னேன். தெக்குப் பக்கம் ஏன் கட்டல?"

"உனக்குத் தெரியாதாக்கும்? நீயும் இந்தப் பக்கத்துக்காரிதானே? அய்யா கட்டத்தான் இருந்தாக. நமக்கும் கப்பி, அவனுகளுக்கும் கப்பியான்னு மேலத்தெருவே கூடி வந்து நின்னுச்சு. அப்புறம் என்ன செய்யச் சொல்ற?"

"அதைத்தான் சார் நானும் எழுதினேன்."

"விஞ்ஞானத்துக்குள்ள சாதியக் கொண்டு வராத."

"நான் கொண்டு வரல சார். புழு கொண்டு வந்துச்சு. போன பங்குனியில உங்க அம்மா காலுல குச்சி சுத்துனது நான்தான். அவங்க தெக்குப் படிப்பக்கம் ஒரு நாளாச்சும் போயிருப்பாங்களா?"

பொன்னுச்சாமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்குத் தெரியாத உண்மையா அது? தெரிந்த உண்மையை அச்சில் பார்ப்பது வேறு. தன் ஊர் பெயரோடு, தன் தகப்பனார் கட்டிய சுவரோடு, ஆப்பிரிக்காக்காரனும் பாரசீகக்காரனும் எடுத்துக்காட்டுகிற அளவுக்கு அச்சில் பார்ப்பது வேறு.

"இங்க பாரு," என்றார் எழுந்துகொண்டே. "மூணு போதும். மூணை வச்சே உனக்கு வேலை வாங்கித் தாரேன். நாலாவத உன் விண்ணப்பத்துல எழுதாத. வேலைக்கு வந்தப்புறம் எங்க ஊருக்கே போய் ஆராய்ச்சி பண்ணு, நான் வேண்டாங்கலை. ஆனா அந்தக் கட்டுரைக்குச் சொந்தக்காரின்னு நீ வந்து நின்னா, எனக்கு உன்னைத் தெரியாது."

வீட்டில் அருளானந்தமும் அதையேதான் சொன்னார். "மூணைச் சொல்லி வேலைய வாங்கிரு ஜெபம். நாலாவது எங்க ஓடியா போயிரும்? எம்பேருலதான கெடக்கு, நான் பாத்துக்கிறேன்."

"விண்ணப்பத்துல அதை விட்டா, நான் எழுதலைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் அதை யார் எழுதுனது?"

"நான்தான்னு வச்சுக்குவம்."

"நீங்க மேலச்செங்குடியப் பாத்திருக்கீங்களா?"

"அங்க போக டிக்கெட் கேட்டு வந்தவுகளப் பாத்திருக்கேன்ல. கடலாடிக்கு ரயில் இல்ல, பஸ்தான்னு நூறு பேத்துக்குச் சொல்லியும் இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற மூன்று பெயரில் வந்த கட்டுரைகளும் பூச்சியைப் பற்றியவை, மீனைப் பற்றியவை, மாதங்களைப் பற்றியவை. யாரையும் உறுத்தாதவை. நாலாவது ஒன்றுதான் புழு ஏன் போகவில்லை என்று சொன்னது. அதற்கு ஆசிரியரே இல்லையென்று அவளே சாட்சி சொல்லிவிட்டால், நாளைக்கு மேலச்செங்குடியில் எவனாவது 'அப்படி ஒருத்தன் இருந்தா முன்னால வரச் சொல்லு' என்று கேட்பான். தெற்குத் துறையில் இறங்குகிற கால்களுக்காக உலகத்தில் இருந்தது அந்த ஒரு காகிதம்தான். விண்ணப்பத்தில் நாலு பெயரையும் எழுதினாள்.

நேர்முகத் தேர்வு இராமநாதபுரம் பயணியர் மாளிகையில் நடந்தது. நடுவில் டெல்லியிலிருந்து வந்த தலைவர், இந்தப் பக்கம் மதுரை டாக்டர் ஒருவர், அந்தப் பக்கம் பொன்னுச்சாமி. வெளியே பெஞ்சில் பொன்னுச்சாமியின் மாணவர் மருதுபாண்டி காத்திருந்தார். மருதுபாண்டிக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அவருடைய முன்னெழுத்தை யாரும் தொடவில்லை. அவருடைய கட்டுரைகள் எல்லாம் ஒரே பெயரில், ஒரே இடத்தில், பொன்னுச்சாமிக்குப் பின்னால் ஒழுங்காக நின்றன.

டெல்லித் தலைவர் படித்த மனிதர். அட்டவணையைப் புரட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த வட்டாரத்திலிருந்து வந்த வேலைகளில் என்னை அசர வைத்தது ஒன்றே ஒன்றுதான். மூன்று பக்கச் சுவர் பற்றிய கட்டுரை. எழுதியவர் அருளானந்தம். ஆப்பிரிக்கா முழுக்க அதை எடுத்துப் பேசுகிறார்கள். அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை?"

"விண்ணப்பித்திருக்கிறேன். உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்," என்றாள் ஜெபமாலை.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார். "நீங்கள் ஏ. ஜெபமாலை."

"அந்த ஏ-தான் அருளானந்தம்."

"அப்படியானால் அருளானந்தம் என்பது வேறு ஒருவர்."

"என் கணவர்."

"அப்படியானால் கட்டுரை உங்கள் கணவருடையது."

"அவர் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவர்."

"ரயில்வேக்காரங்களுக்கு ஓய்வு நேரம் நிறைய," என்றார் மதுரை டாக்டர். தலைவரும் சிரித்தார்.

அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பன் பெயர் உண்டு, கல்யாணமானால் கணவன் பெயர். உங்கள் படிவத்தில் நாங்கள் நிரப்ப முடியாத கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆண்பிள்ளையை எழுதி வைக்கிறோம். தலைவர் பொன்னுச்சாமி பக்கம் திரும்பினார். "நீங்கள் இந்த ஊர்க்காரர். இது உண்மையா?"

பொன்னுச்சாமி மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அருளானந்தம் என்பது இவருடைய கணவர் பெயர். அது எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது."

அந்த ஊருணியில் குளித்து வளர்ந்த மனிதர்!

"என்னைக் கேள்வி கேளுங்கள்," என்றாள் ஜெபமாலை. குரல் உயர்ந்துவிட்டது. "எந்தப் படியில் எந்த மாதம் பூச்சி அதிகம் என்று கேளுங்கள். இல்லையென்றால் வண்டியெடுங்கள், மேலச்செங்குடிக்கே போவோம். தெற்குத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தண்ணீர் அரிக்க வந்தது யாரென்று."

"அது முறையாகாது, அம்மா," என்றார் மதுரை டாக்டர். "பெயர் மாற்றம் அரசிதழில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் காட்டுங்கள், முடிந்தது."

"நான் பெயரை மாற்றவே இல்லையே! ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து ஜெபமாலைதான். எனக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிற ஆட்களைத்தான் நீங்கள் எல்லோரும் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்."

தலைவருக்கு அவள்மேல் இரக்கம் வந்தது போலத் தெரிந்தது. இரக்கம் வந்தவர்கள் எழுதிய குறிப்பு இதுதான்: விண்ணப்பதாரர், தன்னுடையது என்று நிறுவ முடியாத ஒரு கட்டுரைக்கு உரிமை கோரியது வருந்தத்தக்கது. நாலாவதைக் கேட்ட குற்றத்துக்காக, பொன்னுச்சாமி எழுதிய கடுதாசி இருந்தும், மற்ற மூன்றும் சந்தேகத்துக்கு உள்ளாயின. பதவி மருதுபாண்டிக்குப் போனது. ஆவணியோடு அவளுடைய தற்காலிக இடமும் முடிந்தது. நுண்ணோக்கியை முனியசாமியிடம் ஒப்படைத்தபோது, அவர் ரசீதில் எந்த முன்னெழுத்துப் போடுவது என்று தயங்கினார். "எதையாச்சும் போட்டுக்கங்க," என்றாள்.

படித்த பள்ளியிலேயே விஞ்ஞான ஆசிரியை ஆனாள். தவளையை அறுத்துக் காட்டினாள், தாள் திருத்தினாள். சனிக்கிழமைகளில் மட்டும் துணி வலையை எடுத்துக்கொண்டு கடலாடி பஸ் ஏறினாள். யாரும் அனுப்பவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஆய்வுப் பிரிவின் புது அலுவலர் மேலச்செங்குடிப் பக்கமே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அருளானந்தம் வேலை முடிந்து வந்து, ஒரு நீளமான உறையை அவள் முன்னால் வைத்தார்.

"படி. எனக்கு வந்திருக்கு."

டெல்லித் தலைவரின் கடிதம். திரு. ஜே. அருளானந்தம் அவர்களுக்கு. அண்மையில் இராமநாதபுரம் வந்தபோது தங்களைச் சந்திக்க இயலாமல் போனதில் வருத்தம். தங்கள் கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். தாங்கள் விண்ணப்பித்திருந்தால் குழு வேறு யாரையும் கருதியிருக்காது. டெல்லியில் நடக்கவிருக்கும் கருத்தரங்கில் தாங்கள் வந்து உரையாற்ற வேண்டும். தங்கள் மனைவியாருக்கும் என் வணக்கம்.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"போயிட்டு வரட்டுமா?" என்றார் அருளானந்தம். "எனக்குப் பாஸ் உண்டு, நீ கூட வா. நான் மேடையில நிக்கிறேன், நீ பின்னால நின்னு எடுத்துக் குடு. கோட்டு மட்டும் ஒண்ணு எரவல் வாங்கணும்."

"வாய மூடுங்க."

"சரி, பதிலாச்சும் எழுது. நான்தான் அவன்னு எழுது."

"எழுதுனேனே. நேர்லயே சொன்னேனே. அந்த மனுசன் என் முகத்தப் பாத்துக்கிட்டே, எழுதுனவன எங்கேன்னு கேட்டான். அவனுக்குக் காகிதத்துல வேற எப்படி எழுத?"

அருளானந்தத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எம்பேர நான் வேணும்னா எடுத்துக் குடுத்தேன்?" என்றார் மெதுவாக. "எடுத்துக்கிறதுக்கு எம்பேருதான் கெடந்துச்சு. நான் என்ன செய்ய?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சூசைமுத்துவைச் சொல்லியும் குற்றமில்லை. பிடித்து உலுக்குவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அலமாரியில் இருந்த அட்டைப் பெட்டியை இறக்கினாள். சனிக்கிழமைக் குப்பிகளின் கணக்கெல்லாம் அதில் இருந்தது. தெற்குப் படியில் இன்னும் சுவர் இல்லை, மேலத்தெருவில் இன்னும் புழு இருக்கிறது என்று சொல்லும் புதுக் கட்டுரை எழுதி முடித்துப் பல நாள் ஆகியிருந்தது. லண்டன் படிவம் அதன்மேல் வெறுமையாகக் கிடந்தது. எந்த ஆணின் பெயரை எழுதுவது என்ற யோசனையிலேயே அனுப்பாமல் கிடந்த படிவம்.

பேனாவைத் திறந்தாள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஜெபமாலை என்று எழுதினாள். சொந்தப் பெயர் என்ற கட்டத்திலும் ஜெபமாலை என்று எழுதினாள்.

அருளானந்தம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஒரே பேர ரெண்டு தடவை எழுதுனா கிறுக்குன்னு நெனைக்கப் போறான்."

"நெனைக்கட்டும். எந்தக் கிறுக்குன்னாச்சும் சரியா அச்சடிப்பான்ல."

"இதோட அஞ்சு பேரு ஆச்சே ஜெபம். அந்த அமெரிக்காப் புத்தகத்துல அஞ்சாவதா ஒருத்தின்னு போடுவான்."

"போடட்டும். இதுக்கு முன்னால இருக்கிற நாலு பேரும் செத்துப்போனதா வச்சுக்கங்க." உறையின் வாயை நாக்கால் நனைத்து ஒட்டினாள். "தபாலாபீசு மூடிருவாங்க. சைக்கிள எடுங்க."

அவர் சைக்கிளை எடுத்தார். ஆனால் உறையை அவரிடம் கொடுக்காமல் அவளே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.